மலைக்குப் பிறந்த வண்டிக்குத் துவாசில் என்ன வேலை?

காலை ஏழு மணிக்குத் துவாஸ் பக்கம் போனால் சாலை முழுவதும் பெரிய வண்டிகள்தான். கொள்கலன் லாரிகள், சிமென்ட் கலவை லாரிகள், ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள், இரண்டாம் இணைப்பைக் கடந்து ஜோகூரிலிருந்து வரும் மோட்டார்சைக்கிள்கள். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு பழைய ஜீப்போ லேண்ட் ரோவரோ கண்ணில் படும். பெட்டி போன்ற உடல், உயரமான டயர்கள், பின்கதவில் மாட்டிய உபரிச் சக்கரம். பக்கத்தில் புத்தம் புதிய மின்சார கார் போனாலும் நம் பார்வை அந்தப் பழைய வண்டியின் மேல்தான் போகும்.

அழகுக்காகப் பார்ப்பது வேறு. அதையே தினமும் வேலைக்கு ஓட்டுவது வேறு. என் வகுப்பில் மாணவர் ஒருவர் இதைப் பற்றித்தான் கேட்டார். அவருடைய மாமா துவாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இருபது ஆண்டுகளைக் கடந்த டீசல் ஜீப்பில் தினமும் உட்லண்ட்சிலிருந்து போய் வருகிறார். “பத்து வருடத்துக்கு ஒருமுறை காரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களைவிட நான்தான் பூமிக்கு நல்லது செய்கிறேன்” என்பது மாமாவின் வாதம். “அது உண்மையா, சார்?” என்பது மாணவரின் கேள்வி.

நல்ல கேள்வி. “பழையது கெட்டது, புதியது நல்லது” என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் அது விளம்பரம், அறிவியல் ஆகாது. மாமாவின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதற்காகச் செய்த வண்டி?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜீப், சேற்றிலும் மணலிலும் ஓடிப் பெயர் வாங்கியது. போர் முடிந்தபின், பண்ணை வேலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஒரு வண்டியைப் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வடிவமைத்தது. அதுதான் லேண்ட் ரோவர். 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், வண்டியின் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வளைவுகள் இல்லாத தட்டையான தகடுகள் என்பதால், அடிபட்டால் சுத்தியலும் ஓரிரு கருவிகளும் இருந்தாலே நிமிர்த்திவிடலாம். இந்தியாவிலும் 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது.

இந்த வண்டிகளின் உயிர்நாடி அவற்றின் கியர் அமைப்பு. சாதாரண கியர் பெட்டியோடு, விசையை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு பெட்டியும் உண்டு. அதில் ‘தாழ் கியர்’ வரிசை ஒன்று இருக்கும். அதைப் போட்டால் வண்டி நடை வேகத்துக்கு இறங்கிவிடும். ஆனால் சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை பல மடங்கு கூடும். நெம்புகோல் பாடத்தில் படித்த அதே தத்துவம்தான்: தூரத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்குகிறோம்.

அந்த விசை எவ்வளவு தேவை என்று பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள வண்டி 30 பாகைச் சரிவில் ஏறுகிறது. சரிவின் வழியே அதைக் கீழே இழுக்கும் விசை, நிறை × ஈர்ப்பு முடுக்கம் × சைன் 30. அதாவது 2,000 × 9.8 × 0.5 = 9,800 நியூட்டன். அதே வண்டி சமதளச் சாலையில் மெதுவாக உருளும்போது டயர் உராய்வால் ஏற்படும் எதிர்ப்பு ஏறத்தாழ 300 நியூட்டன்தான். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த 9,800 நியூட்டனுக்காகத்தான் கனமான சட்டகம், கூடுதல் கியர்கள், கூடுதல் அச்சு, பெரிய டயர் எல்லாம்.

கேமரன் மலையில் அது கிழவன் இல்லை

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நம் தாத்தா பாட்டி காலத்து லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில வண்டிகளில் கதவு ஒரு நிறம், முன்பக்கம் ஒரு நிறம். முட்டைக்கோசும் தக்காளியும் நிறைந்த கூடைகளோடு செங்குத்தான மண்பாதையில் அவை இறங்கி வரும். 1929ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்களும் அந்த மலையின் வரலாற்றில் உண்டு. அந்தச் சரிவுகளின் தரையை அறிந்தவர்களுக்கு இந்த வண்டி ஏன் இன்னும் ஓடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இப்படி இடங்கள் உண்டு. மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதில் 1950களின் லேண்ட் ரோவர்கள் புகழ்பெற்றவை. புதிய வண்டிகள் வந்துவிட்டாலும் அந்தப் பழைய வண்டிகளை இயக்கத்தில் வைத்திருக்கும் ஓட்டுநர்கள் அங்கே இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கல்லும் பள்ளமுமான பாதையில் ஜீப்பில்தான் பயணிகள் அங்கே ஏறுகிறார்கள்.

இந்த இடங்களில் பழைய வண்டியை அன்றாடம் நம்புவதில் அர்த்தம் இருக்கிறது. பாதை கடினம், வேகம் குறைவு, தூரம் சிறிது. பழுதானால் ஊர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். வண்டி எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்கிறது. அங்கே அதைக் கிழவன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

துவாசின் தரை வேறு

இப்போது துவாசுக்கு வாருங்கள். அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடலை நிரப்பி உருவாக்கிய நிலம். மேசைபோல் சமதளம். சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறத்தாழ 164 மீட்டர்தான். உட்லண்ட்சிலிருந்து துவாஸ்வரை 30 கிலோமீட்டரும் வழவழப்பான விரைவுச்சாலை. தாழ் கியர் போட ஓர் இடம்கூட இல்லை.

அப்படியானால் மலைக்காகச் சேர்த்த பாகங்கள் எல்லாம் இங்கே என்ன செய்கின்றன? வெறும் சுமையாகக் கூடவே வருகின்றன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் 2,000 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 278 கிலோஜூல். அதே வேகத்தில் 1,300 கிலோ காருக்கு 181 கிலோஜூல். சிவப்பு விளக்கில் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றோடு போகிறது. பச்சை விழுந்ததும் டீசலை எரித்து மறுபடியும் உருவாக்க வேண்டும்.

விரைவுச்சாலையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எதிரி காற்று. காற்றெதிர்ப்பு விசை = பாதி × காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × வண்டியின் முன்பரப்பு × வேகத்தின் இருபடி. பெட்டி வடிவ வண்டிகளின் இழுவைக் குணகம் 0.5ஐத் தாண்டும். இன்றைய சாதாரண கார்களில் அது 0.3 அளவில் இருக்கிறது.

மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவோம். ஜீப்புக்குக் குணகம் 0.55, முன்பரப்பு 2.8 சதுர மீட்டர் என்றால் எதிர்ப்பு விசை ஏறத்தாழ 580 நியூட்டன். காருக்குக் குணகம் 0.3, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் என்றால் 250 நியூட்டன். வித்தியாசம் 330 நியூட்டன். இந்தக் கூடுதல் விசையை 100 கிலோமீட்டருக்குத் தள்ளிச் செல்ல 33 மெகாஜூல் வேலை தேவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் இயந்திரம் அதில் முப்பது விழுக்காட்டைத்தான் உருப்படியான வேலையாக மாற்றுகிறது என்று கொள்வோம். கணக்கைப் போட்டால், பெட்டி வடிவத்துக்காக மட்டும் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகிறது.

எந்தத் தட்டையான தகடு கேமரன் மலையில் வரமாக இருந்ததோ, அதே தகடு நம் விரைவுச்சாலையில் தண்டனையாகிவிடுகிறது.

மாமாவின் வாதத்துக்குக் கணக்கு

“புதிய கார் செய்யும்போதும் புகை வருகிறதே?” வருகிறது. எஃகு உருக்க, அலுமினியம் பிரிக்க, மின்கலம் செய்ய எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். மாமா சொல்வதில் உண்மையான பாதி இதுதான். விற்பனையாளர்கள் பெரும்பாலும் பேசாத பாதியும் இதுதான்.

ஒரு சிறிய பெட்ரோல் காரைத் தயாரிப்பதில் 8 டன் கரியமில வாயு வெளியாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பெரிய மின்கலத்தோடு வரும் மின்சார காருக்கு 12 டன் என்போம். மாமாவின் ஜீப் ஏற்கெனவே இருப்பதால் அதற்குப் பூச்சியம். பந்தயத்தில் ஜீப் முன்னால் நிற்கிறது.

இப்போது ஓட்டத்தைக் கணக்கிடுவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் டீசலின் நிறையே ஒரு கிலோவுக்குக் குறைவுதானே, எப்படி 2.7 கிலோ வரும் என்று கேட்பீர்கள். டீசலில் இருக்கும் ஒவ்வொரு கரிம அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 கிராம் கரிமம் 44 கிராம் கரியமில வாயுவாக மாறுகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது.

மாமா நாளொன்றுக்குப் போக வர 60 கி.மீ. ஓட்டுகிறார். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 15,000 கி.மீ. ஜீப் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு 1,800 லிட்டர், ஏறத்தாழ 4.9 டன் கரியமில வாயு. சிறிய பெட்ரோல் கார் 6 லிட்டர் குடித்தால் 900 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 2.1 டன். வித்தியாசம் ஆண்டுக்கு 2.8 டன். தயாரிப்பின் 8 டன் கடனைப் புதிய கார் மூன்று ஆண்டுக்குள் அடைத்துவிடும்.

மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட் மணி எடுத்தால் ஆண்டுக்கு 2,400 கிலோவாட் மணி. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது; ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு. ஆக ஆண்டுக்கு ஒரு டன். அதுவும் 12 டன் கடனைச் சுமார் மூன்று ஆண்டில் அடைத்துவிடும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வோர் ஆண்டும் பூமிக்கு லாபம்.

ஆக, மாமா தோற்றுவிட்டாரா? பொறுங்கள். அதே கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுவோம். மாமா ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டாமல் 2,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பின் புகை 0.65 டன். சிறிய பெட்ரோல் காரின் புகை 0.28 டன். வித்தியாசம் 0.37 டன்தான். 8 டன் கடன் அடைய இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். இங்கே மாமாவின் வாதம் வென்றுவிடுகிறது!

வண்டியின் வயது இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். மாறியது ‘அன்றாடம்’ என்ற சொல். பழைய வண்டியை வைத்திருப்பதில் தப்பில்லை, தினமும் ஓட்டுவதில்தான் சிக்கல் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரியும்

சிங்கப்பூரில் 1990ல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. பத்தாண்டு முடிந்ததும் வண்டியைக் கைவிடலாம், அல்லது கட்டணம் செலுத்திச் சான்றிதழை 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். பத்தாண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. சாலை வரியும் கூடும்: முதலில் 10 விழுக்காடு, பிறகு ஆண்டுதோறும் ஏறி, 14 ஆண்டுகளைத் தாண்டினால் 50 விழுக்காடு.

இவையெல்லாம் வண்டியை வைத்திருப்பதற்கான செலவு. இவ்வளவு பணம் கட்டியபின் மனித மனம் என்ன நினைக்கும்? “கட்டிய காசுக்கு ஓட்டியாக வேண்டும்” என்றுதான். குறைவாக ஓட்டினால் பூமிக்கு லாபம் தரும் பழைய வண்டியை, அதிகமாக ஓட்டத் தூண்டுகிறது நம் செலவுக் கணக்கு. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

அதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. 35 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். நாளுக்கு 40 கி.மீ. ஓட்டினால் ஆண்டுக்கு 1,800 கி.மீ. நாம் மேலே போட்ட இரண்டாவது கணக்கோடு எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள். வரலாற்றைக் காப்பாற்று, ஆனால் அதில் தினமும் வேலைக்குப் போகாதே என்கிறது அந்த விதி. நல்ல விதி.

பக்கத்தில் நிற்பவரின் நுரையீரல்

கரியமில வாயு உலகம் முழுவதும் பரவும். பழைய டீசல் வண்டியின் வேறு சில கழிவுகள் அப்படிப் பரவுமுன் பக்கத்தில் இருப்பவரின் மூச்சில் புகுந்துவிடும். புகைத்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான் அவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2012ல் வகைப்படுத்தியது. ‘உண்டாக்கலாம்’ என்ற சந்தேக வகையில் வைக்கவில்லை. உறுதியான முதல் வகையில் வைத்தது.

2018 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் டீசல் வாகனங்கள் யூரோ 6 தரத்தை எட்ட வேண்டும். அத்தகைய வண்டிகளில் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பு எல்லாம் உண்டு. இருபது ஆண்டுக்கு முந்தைய இயந்திரம் அந்தத் தரத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. எவ்வளவு அக்கறையாகப் பராமரித்தாலும், இல்லாத வடிகட்டி வேலை செய்யாது.

துவாசில் சாலையோரம் யார் இருக்கிறார்கள்? நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஊழியர்கள், விடுதியிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், சாலையைச் சீர்செய்கிறவர்கள். அவர்களில் நம் தமிழ் பேசும் அண்ணன்மார் எத்தனையோ பேர். காருக்குள் இருப்பவருக்கு மூடிய கண்ணாடியும் குளிர்காற்றும் உண்டு. அவர்களுக்கு அது கிடையாது. ஒருவரின் ஆசைக்கான விலையை இன்னொருவரின் நுரையீரல் கட்டுகிறது என்றால், அது ஒருவரின் சொந்த விருப்பம் என்று மட்டும் நாம் விட்டுவிட முடியாது.

லாரிகள்தானே அதிகம் புகைக்கின்றன, ஒரு ஜீப்பை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் லாரி 20 டன் சரக்கை நகர்த்துகிறது. ஜீப் நகர்த்துவது ஒரு மனிதரையும் அவருடைய மதிய உணவுப் பெட்டியையும்.

உறுதியான வண்டி, பாதுகாப்பான வண்டியா?

“பழைய இரும்பு, ஒன்றும் ஆகாது” என்று பெருமையாகச் சொல்வார்கள். இயற்பியல் வேறு சொல்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் 60 கிலோ மனிதரின் உந்தம் சுமார் 830 கிலோகிராம் மீட்டர்/நொடி. அது 0.05 நொடியில் பூச்சியமானால் அவர்மேல் விழும் சராசரி விசை 16,000 நியூட்டனுக்கு மேல். 0.1 நொடி கிடைத்தால் அதில் பாதி. புதிய கார்களின் முன்பகுதி நசுங்குவது பலவீனத்தால் அல்ல. அந்த அரை நொடியில் பத்தில் ஒரு பங்கை நமக்கு வாங்கிக் கொடுப்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். பழைய ஜீப்பின் ஏணி போன்ற சட்டகம் எளிதில் நசுங்காது. ஆகவே அதிர்ச்சி உள்ளே இருப்பவருக்கு வந்து சேரும்.

1948ன் வடிவத்திலிருந்து படிப்படியாக வளர்ந்த பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் தயாரிப்பு 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் முடிவுக்கு வந்தது. காற்றுப்பை இல்லாமலேயே அது கடைசிவரை வந்தது. உயரமான வண்டி என்பதால் ஈர்ப்பு மையமும் உயரம். திடீரென்று திருப்பினால் கவிழும் அபாயம் கூடுதல். நடை வேகத்தில் மலையேறும்போது இவை பெரிய குறைகள் இல்லை. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், இருபுறமும் கொள்கலன் லாரிகள் ஓடும்போது பெரிய குறைகள்தான்.

மாமாவுக்கு நாம் பட்டிருக்கும் கடன்

இதுவரை படித்துவிட்டு மாமாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, பழுதுபார்க்கும் பழக்கம். அவர் தம் வண்டியைத் திறந்து பார்க்கிறார், பாகத்தை மாற்றுகிறார், இன்னும் ஓட வைக்கிறார். நம் கைப்பேசியின் மின்கலம் தளர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? புதிய கைப்பேசி பார்க்கிறோம். தட்டையான தகடும் சாதாரணத் திருகாணியும் கொண்ட பழைய வடிவமைப்பில் ஒரு நேர்மை இருந்தது: உடைந்தால் உன்னாலேயே சரிசெய்ய முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் சலவை இயந்திரம், கைப்பேசி போன்ற பொருள்களுக்குப் பழுதுபார்ப்பு உரிமை குறித்த சட்டத்தை ஏற்றுக்கொண்டது. மின்சார கார்களிடமும் நாம் அதையே கேட்க வேண்டும். பத்தாண்டில் மின்கலம் தளர்ந்தால் முழுக் காரையும் கழித்துப் போட வேண்டிய நிலை வந்தால், நாம் மேலே போட்ட 12 டன் கணக்கைத் திரும்பத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மாமா ஏன் ஓட்டுகிறார் என்பது. 2017 ஜூனில் கிழக்கு மேற்கு எம்ஆர்டி தடம் குல் சர்க்கிள், துவாஸ் கிரசெண்ட், துவாஸ் வெஸ்ட் ரோடு, துவாஸ் லிங்க் என்று நான்கு நிலையங்களோடு துவாசுக்குள் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை துவாஸ் லிங்கில் ஏறும் ஊழியர் ஊட்ரம் பார்க்கில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடலாம். சொந்த வண்டி இல்லாமல் தீவின் இந்த முனையிலிருந்து நகரின் நடுவே அவ்வளவு பேர் போய் வருகிறார்கள். அந்த ரயிலில் இன்னும் ஒருவர் ஏறினால் கூடும் ஆற்றல் செலவு மிகச் சொற்பம்.

ஆனால் மாமாவுக்கு இரவு நேர வேலை. ரயில் ஓயும் நேரத்தில் வேலை முடியும். நிலையத்திலிருந்து தொழிற்சாலை வாசல்வரை போக இன்னும் தூரம் இருக்கும். “ஜீப்பை விடுங்கள்” என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை வேண்டுமென்றால், “இதில் வாருங்கள்” என்று காட்ட ஒரு வண்டி வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகள் சேர்ந்து இரவு முறைக்குப் பொதுப் பேருந்து விடலாம். துவாசில் பெரிய துறைமுகம் வளர்ந்துவருகிறது. 2022 செப்டம்பரில் அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. வேலையிடம் கூடக்கூட இரவுப் பயணிகளும் கூடுவார்கள். இதை இப்போதே திட்டமிடுவது நல்லது.

என் கருத்து

2025 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய முடியாது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். 2040க்குள் எல்லா வாகனங்களும் அப்படி ஆக வேண்டும் என்பது இலக்கு. அப்போது உங்களுக்கு முப்பதை ஒட்டிய வயது இருக்கும். சாலையில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பொறியாளராகவோ, நிலப் போக்குவரத்து ஆணைய அதிகாரியாகவோ, துவாசில் வேலை பார்ப்பவராகவோ நீங்கள் இருக்கலாம்.

ஆகவே இப்போதே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எந்த இயந்திரத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது? இப்போது எந்த வேலையை, எத்தனை முறை செய்கிறது? அதன் கழிவு யாருடைய மூச்சில் போய்ச் சேர்கிறது?

இந்த மூன்றையும் கேட்டால் கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவருக்கு ஒரு பதில் வரும், உட்லண்ட்ஸ் துவாஸ் பாதையில் தினமும் ஓடும் ஜீப்புக்கு வேறு பதில் வரும். மாமா தம் ஜீப்பை அழிக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பண்டிகைக்கும் விடுமுறைக்கும் எடுக்கட்டும், கழுவித் துடைத்து வைத்திருக்கட்டும். வேலைக்கு மட்டும் வேறு வழியில் போகட்டும். அந்த வழியை அமைத்துத் தரும் பொறுப்பு அவர் ஒருவருடையது அல்ல.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் கார், வேன், மோட்டார்சைக்கிள் எது இருந்தாலும் ஒரு மாதம் ஓடிய தூரத்தையும் ஊற்றிய எரிபொருளையும் குறித்து வையுங்கள். மேலே போட்ட கணக்கில் என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். என் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படிப் போனால், ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் வாதாடுங்கள். எண்களோடு வரும் மாணவரை எந்த ஆசிரியரும் வரவேற்பார்.